லுஹருக்காக நின்ற வண்டி

இந்தச் சாலையில் என் குடும்பத்தில் இன்னொரு மய்யித்து விழுந்துவிடக் கூடாது ரப்பே என்று ஒரு வருஷம் முழுக்க அழுது கேட்டவள் நான். அந்த துஆவை அல்லாஹ் எப்படி ஏற்றுக்கொண்டான் என்று சொல்லத்தான் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். சந்தோஷமான கதை என்று நினைத்துவிடாதீர்கள். ஆனாலும் அவன் செய்த உதவியை நெஞ்சுக்குள்ளேயே பூட்டி வைத்திருப்பது நன்றி கெட்ட வேலை.

என் பெயர் மைமூன். ஊர் சதுரங்கப்பட்டினம், மகாபலிபுரத்துக்குத் தெற்கே கடலோரம். என் வீட்டுக்காரர் பெயர் காதர். என் கூடப் பிறந்தவன் ஒரே தம்பி, இஸ்மாயில். இவர்கள் இரண்டு பேரும் கூட்டாகச் சேர்ந்து ஒரு பழைய பட்டாளத்து ஜீப் வாங்கினார்கள். உலகச் சண்டை முடிந்த பிறகு ஏலத்தில் விட்டார்களே, அந்த வண்டிகளில் ஒன்று. அதோடு இரண்டு சக்கரம் வைத்த டிரெய்லர் ஒன்றும் வந்தது. கடலோரத் தோப்புகளில் வெட்டுகிற சவுக்குக் கட்டையை டிரெய்லரில் ஆள் உயரத்துக்கு அடுக்கி, ஜீப்பின் பின்னால் கொக்கியில் மாட்டி, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு ரயிலடிக்கு இழுத்துக்கொண்டு போய் இறக்குவார்கள். அதுதான் பிழைப்பு.

மச்சான், மச்சான் என்று இரண்டு பேரும் ஒரே சஹன் தட்டில் கை வைத்துச் சாப்பிடுவார்கள். தம்பி உனக்கா, உன் புருஷனுக்கா என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் என்னைக் கேலி செய்வார்கள். இஸ்மாயில்தான் ஜீப் ஓட்டுவான். என் வீட்டுக்காரர் பாரம் ஏற்றுவது, கயிறு கட்டுவது, சக்கரம் பார்ப்பது எல்லாம்.

வெயில் காலம் வந்தால் டிரெய்லர் டயர் கொதிக்கும். கை வைக்க முடியாது. அந்தச் சாலையில் வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் ஒரு பழக்கம் இருந்தது. திருக்கழுக்குன்றத்தில் நிறுத்துவார்கள். டயரைத் தட்டிப் பார்ப்பார்கள். கல் மாதிரி இருக்கும். சூட்டில் காற்று பெருத்துவிட்டது, விட்டால் வெடித்துவிடும் என்று சொல்லி, வால்வின் ஊசியை ஒரு குச்சியால் அழுத்திக் கொஞ்சம் காற்றை வெளியே விடுவார்கள். டயர் லேசாக மெத்தென்று ஆனதும் திருப்தியோடு ஏறிப் போவார்கள். அதைக் கேட்டால் யாருக்கும் சரியென்றுதானே படும்? எனக்கும் பட்டது. ஊதிய பலூன் வெடிப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

ஐம்பத்து நாலாம் வருஷம், நோன்பு தொடங்கின முதல் வாரம். கத்திரி வெயிலும் அப்போதுதான் தொடங்கியிருந்தது. அன்றைக்கும் திருக்கழுக்குன்றத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் குனிந்து இரண்டு டயரிலும் காற்றை இறக்கியிருக்கிறார். அங்கே விறகு கேட்ட ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று இவர் இறங்கிக்கொண்டார். "நீ போய் இறக்கிட்டு வா மச்சான், நான் இங்கயே நிக்கிறேன்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அதுதான் அவனோடு பேசிய கடைசிப் பேச்சு.

ஊரைத் தாண்டி ஏரிக்கரைச் சாலையில் டிரெய்லரின் இடது டயர் வெடித்தது. பாரம் ஒரு பக்கமாக இழுத்து, ஜீப்பையும் சேர்த்துப் புரட்டிப் பள்ளத்தில் தள்ளியது. வயலில் இருந்தவர்கள் ஓடி வந்து கட்டைகளை எடுத்துப் போட்டுவிட்டுப் பார்த்தபோது என் தம்பி நோன்போடு போய்விட்டிருந்தான். செங்கல்பட்டில் அவன் மனைவி ஹாஜரா தாய் வீட்டில் இருந்தாள். வயிற்றில் பிள்ளை. ஜனாஸா தொழுகையும் அடக்கமும் அங்கேயே நடந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது முகத்தை மட்டும்தான் காட்டினார்கள்.

அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் மனுஷனாக இல்லை. தினமும் ஒரே புலம்பல். "இன்னும் கொஞ்சம் காத்து எறக்கியிருக்கணும் மைமூன். நான்தான் போதும்னு வுட்டுட்டேன். இன்னும் ஒரு நிமிஷம் அழுத்தியிருந்தா அவன் இருந்திருப்பான்." தக்தீர், அல்லாஹ் எழுதிய விதி என்று சொல்லிப் பார்த்தேன். அவர் காதில் ஏறவில்லை.

ஜீப்பைத் தட்டி நிமிர்த்தி மறுபடியும் சாலைக்குக் கொண்டுவந்தார். இப்போது அவரே ஓட்ட ஆரம்பித்தார். வேறு வழி இல்லை. ஹாஜராவையும் பிறக்கப்போகிற பிள்ளையையும் நாங்கள்தானே பார்க்க வேண்டும். டயர் சூடாவதைக் கண்டாலே அவருக்குப் பயம். திருக்கழுக்குன்றத்தில் மட்டும் இல்லை, வழியில் எங்கே நிழல் கண்டாலும் நிறுத்திக் காற்றை இறக்குவார். முன்னைவிட அதிகமாகவே இறக்குவார். அப்படியும் டயர் வெடித்தது. மறுபடி மறுபடி வெடித்தது. மெதுவாகப் போனதால் உயிர் தப்பினார். ஒரு முறை டிரெய்லர் புளியமரத்தில் மோதி நின்றது என்று சட்டை கிழிந்து வந்தார்.

காலையில் எழுந்து தட்டிப் பார்த்தால் டயர் இரண்டும் தொய்ந்திருக்கும். "டியூப் பழசாப் போச்சு, ராத்திரியெல்லாம் கசியுது" என்று சொல்லிக் கைப்பம்பால் மூச்சு வாங்க வாங்க அடிப்பார். டியூபையும் மாற்றினார். அதுவும் கசிந்தது. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஓதி வாங்கி வந்த தாயத்தை டிரெய்லர் கொக்கியில் கட்டினேன். எதிர்வீட்டு லாரிக்காரர் தன் பங்குக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கச் சொன்னார். அதற்கு மட்டும் இவர் சம்மதிக்கவில்லை.

நான் விடியற்காலையில் சுபுஹு தொழுதுவிட்டுக் கை ஏந்தினால் இறக்க மாட்டேன். வேறு எதையும் கேட்கவில்லை. தம்பியை எடுத்துக்கொண்டாய், பொறுத்துக்கொண்டேன். இவரையும் அதே சாலையில் எடுத்துக்கொள்ளாதே. இதுதான் கேட்டேன். சில நாள் முசல்லா விரிப்பில் உட்கார்ந்துகொண்டே அல்லாஹ்விடம் கோபப்பட்டிருக்கிறேன். நான் கேட்பது உனக்குக் கேட்கவில்லையா என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். அவன் மன்னிக்கட்டும்.

ஒரு வருஷம் ஓடிவிட்டது. அடுத்த நோன்பு வந்தது. இஸ்மாயில் போன நாளின் வருஷ ஃபாத்திஹா. செங்கல்பட்டில் ஹாஜரா வீட்டில் ஓதுவதாக ஏற்பாடு. என் வீட்டுக்காரர் கட்டைப் பாரத்தை ரயிலடியில் இறக்கிவிட்டு அப்படியே போகலாம் என்றார். பஸ்ஸில் வா என்று என்னிடம் சொன்னார். நான் ஜீப்பிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டேன். போனால் இரண்டு பேரும் போவோம் என்று மனசுக்குள் இருந்தது. அவரிடம் சொல்லவில்லை.

சித்திரை வெயில். கடல் காற்று பின்னால் நின்றுபோனதும் முகத்தில் அனல் அடித்தது. இரண்டு பேருக்கும் நோன்பு. திருக்கழுக்குன்றத்துக்குள் நிறுத்தாமல், ஊரைத் தாண்டி ஒரு ஆலமரத்தடியில் ஓரம் கட்டினார். இறங்கிப் போய் டயரைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார். வால்வில் குச்சியை வைத்து அழுத்தினார். புஸ்ஸென்று காற்று போகிற சத்தம் எனக்குக் கேட்டது. நீண்ட நேரம் கேட்டது. மறு சக்கரத்திலும் அப்படியே. தட்டிப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டு வந்தார்.

வழக்கமாக உடனே கிளம்பிவிடுவார். மதியம் சாய்ந்திருந்தது; நான் இறங்கி நின்றேன்.

"லுஹர் நேரம் ஆயிடுச்சு. தொழுதுட்டுப் போலாங்க."

"இன்னாத்துக்கு இங்க? செங்கல்பட்டுப் பள்ளியில தொழுதுக்கலாம். ஹாஜரா காத்துகினு இருப்பா."

"பொம்பளை எனக்குப் பள்ளியில எடம் கீதா அங்க? இங்கயே தொழுதுடறேன். நீங்களும் தொழுங்க."

எனக்கு எந்தக் கனவும் வரவில்லை, எந்தக் குரலும் கேட்கவில்லை. உண்மையைத்தான் சொல்கிறேன். ஏறிப் போக மனசு வரவில்லை, அவ்வளவுதான். அவருக்கு எரிச்சல். ஆனால் தொழுகைக்குக் கூப்பிட்டால் மறுக்கிற மனுஷர் இல்லை. செம்பில் இருந்த தண்ணீரில் சிக்கனமாகக் கை, முகம், கால் கழுவி ஒளு செய்தோம். துண்டை விரித்து அவர் முன்னால் நின்றார், நான் பின்னால் நின்று தொழுதேன். சஜ்தாவில் தலை வைத்து என் தம்பி பெயரையும் அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லி அழுதேன்.

சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்த பிறகு அவர் துண்டிலேயே சரிந்து தூங்கிவிட்டார். நோன்புக் களைப்பு. அந்த முகத்தைப் பார்த்தால் எழுப்பத் தோன்றவில்லை. ஒரு வருஷமாக அந்த மனுஷர் நன்றாகத் தூங்கி நான் பார்க்கவில்லை. தூங்கட்டும் என்று தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆலமர நிழல் நகர்ந்து டிரெய்லரை முழுக்க மூடியது. நல்ல காற்றும் வந்தது.

சாயங்கால அஸர் தொழுகை நேரம் நெருங்கும்போது தற்செயலாகத் திரும்பினேன். டிரெய்லர் ஏதோ குட்டையாகிவிட்டது போலத் தெரிந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால், டயர் இரண்டும் அடியில் நசுங்கி, பிசைந்த மாவு மாதிரி பக்கவாட்டில் பிதுங்கி நின்றன.

"ஏங்க, எழுந்திருங்க. டயர் பஞ்சர் ஆயிடுச்சு."

அவர் பதறி எழுந்து வந்தார். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றித் தடவினார். ஆணி இல்லை, முள் இல்லை. ஒளுவில் மீந்த தண்ணீரை வால்வு மேல் விட்டுப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. மறு பக்கமும் போய் அதே மாதிரி பார்த்தார்.

"ஒண்ணு பஞ்சராவும். ரெண்டுமா ஒரே மாதிரி ஆவும்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். "காலையில நான் அடிச்ச காத்து எங்க போச்சு?"

"நீங்கதானே இப்ப வெளிய வுட்டீங்க" என்றேன். நான் எதையும் யோசித்துச் சொல்லவில்லை. கண்ணால் பார்த்ததைச் சொன்னேன்.

"அது ஜாஸ்தியா இருந்த காத்து மைமூன்."

"ஜாஸ்தியா இருந்ததைத்தானே வுட்டீங்க. அப்போ மீதி சரியா இருக்கணுமில்ல?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு டயரைப் பார்த்தார். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அவருக்குள் ஒவ்வொன்றாகப் புரிபட்டு வந்தது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. டயர் கல்லாக இருந்தது சூட்டினால். சூடு தணிந்தால் அது தானாகப் பழைய நிலைக்கு வந்திருக்கும். காலையில் அளவாக அடித்த காற்றைத்தான் இவர் தினமும் தூக்கிக் கொட்டியிருக்கிறார். ராத்திரியில் எந்த டியூபும் கசியவில்லை. ரயிலடியில் போய்ச் சேர்ந்ததும் சூட்டோடு பாரத்தை இறக்கிவிடுவார்கள். காலி டிரெய்லரில் டயர் தொய்வது பார்வைக்குத் தெரியாது, காலையில் தட்டிப் பார்த்தால்தான் தெரியும். பாரத்தோடு நிறுத்தி, டயர் ஆறுகிற வரைக்கும் யாரும் அந்தச் சாலையில் உட்கார்ந்திருந்ததே இல்லை.

எழுந்து பம்பை எடுத்தார். நோன்பு வாயோடு இரண்டு டயருக்கும் அடித்தார். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டேன். நிமிர்ந்து நின்றது டிரெய்லர். வண்டியை எடுத்தார்.

ஏரிக்கரை வந்தது. இஸ்மாயில் விழுந்த இடத்தைத் தாண்டி நிறுத்தினார். இறங்கிப் போய் இடது டயரில் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவில்லை. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். இதுவரைக்கும் அவ்வளவு தூரம் ஓடிய பிறகு அந்த டயரில் யாரும் கை வைத்துக்கொண்டு நிற்க முடிந்ததில்லை. நானும் தொட்டேன். வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

"சுடலை மைமூன்" என்றார். கை அதிலேயே இருந்தது. "தொய்ஞ்ச ரப்பர் நசுங்கி நசுங்கி உருண்டதுலதான் அவ்ளோ சூடு. காத்து நிறைய இருந்தா அவனுக்கும் சுட்டிருக்காது."

பிறகு, "நான் எறக்கி அனுப்பினேன். போயிட்டு வா மச்சான்னு சொல்லி, எறக்கி அனுப்பினேன்" என்றார். சாலை ஓரத்தில் குழந்தை மாதிரி அழுதார். நானும் அழுதேன். போனவன் என் ரத்தம். அழுகிறவர் என் புருஷன். யாருக்காக அழுதேன் என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

பாரத்தை ரயிலடியில் இறக்கிவிட்டு, நோன்பு திறக்கச் சற்று முன்னால் ஹாஜரா வீட்டை அடைந்தோம். அவள் இடுப்பில் பிள்ளை, தகப்பன் முகம் பார்க்காத பெண் குழந்தை. ஃபாத்திஹாவுக்கு வந்தவர்கள் முன்கட்டில் இருந்தார்கள். ஹாஜரா உள்ளே நோன்புக் கஞ்சியைக் கோப்பைகளில் ஊற்றிக்கொண்டிருந்தாள். இவர் நேராக உள்ளே போய் அவள் முன்னால் நின்றார். இப்போது வேண்டாம் என்று நான் கண் காட்டினேன். அவர் பார்க்கவில்லை.

எல்லாவற்றையும் சொன்னார். காற்றைப் பற்றி, சூட்டைப் பற்றி, ஆலமரத்தடியில் டயர் தொய்ந்து நின்றதைப் பற்றி. "தெரியாமத்தான் செஞ்சேன் ஹாஜரா. ஆனா செஞ்சது நான்" என்று முடித்தார்.

அவள் கரண்டியைப் பிடித்தபடியே நின்றாள். முகத்தில் எதுவும் தெரியவில்லை. என்னைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். நான் மனசுக்குள் யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் பள்ளியிலிருந்து பாங்கு கேட்டது. அவள் ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"நோன்பு தொறங்க அண்ணே" என்றாள். "நேரம் ஆயிடுச்சு."

அவ்வளவுதான் சொன்னாள். அதற்குப் பிறகும் அதைப் பற்றி ஒரு நாளும் அவள் பேசியதில்லை. உள்ளே போய் அழுதாள். அது எனக்கு மட்டும் தெரியும்.

அன்றிலிருந்து இவர் ஆளே மாறிப்போனார். சுபுஹு தொழுதுவிட்டு வந்ததும், வெயில் படுவதற்கு முன்னால், டயர் குளிர்ந்து கிடக்கும்போதே காற்றை அளந்து பார்த்து அடிக்கிறார். வழியில் எவ்வளவு கல்லாக இருந்தாலும் வால்வில் கை வைப்பதில்லை. சூடு அதிகம் என்று பட்டால் நிழலில் நிறுத்திப் பொறுமையாக ஆறவிடுகிறார். ஆறிய பிறகு தொய்வு தெரிந்தால் அடிக்கிறார். பாரத்தையும் குறைத்துவிட்டார், ஓட்டமும் நிதானம். திருக்கழுக்குன்றத்தில் மற்ற வண்டிக்காரர்கள் குச்சியை எடுத்தால் ஓடிப் போய்த் தடுப்பார். "இன்னா பாய், டயருக்கு ஜுரம் பாக்கிறியா?" என்று ஆரம்பத்தில் சிரித்தார்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். என் மச்சான் இப்படித்தான் போனான் என்று சொல்வார். யார் செய்தது என்பதையும் சொல்வார். அதைக் கேட்ட பிறகு யாரும் சிரிப்பதில்லை. இப்போது அங்கே பெரும்பாலும் யாரும் காற்றை இறக்குவதில்லை. எங்கள் டிரெய்லர் டயர் அதற்குப் பிறகு வெடிக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

முன்பு மாதிரி அவர் சத்தம் போட்டுச் சிரிப்பதில்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

என் புருஷன் உயிரை மட்டும்தான் நான் கேட்டேன். தம்பி ஏன் போனான் என்று தெரிய வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. அதையும் சேர்த்து ஏன் கொடுத்தாய் என்று ரொம்ப நாள் அல்லாஹ்விடம் வருத்தப்பட்டேன். அது தெரியாமல் இருந்திருந்தால் இவர் மறு நாளும் குச்சியை எடுத்துக்கொண்டு குனிந்திருப்பார், அதற்கு அடுத்த நாளும் குனிந்திருப்பார். எங்கேயாவது ஒரு ஏரிக்கரையில் நானும் போய் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்திருப்பேன். அந்த வலியில்லாமல் இந்த உயிர் எனக்குத் தங்கியிருக்காது. இதை ஏற்றுக்கொள்ள எனக்கு நாளாயிற்று.

கஷ்டத்தில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்வது இதுதான். கேட்பதை நிறுத்திவிடாதீர்கள். கோபம் வந்தால் கோபத்தோடு கேளுங்கள், அழுகை வந்தால் அழுதுகொண்டு கேளுங்கள். தொழுகை நேரம் வந்தால், எவ்வளவு அவசரமாக இருந்தாலும் வண்டியை ஓரம் கட்டுங்கள். அவன் பதில் கொடுப்பான். அது நெஞ்சைக் கிழிக்கிற பதிலாக இருந்தாலும் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்றைக்கும் அந்தி மஃரிபுக்கு முன்னால் என் வீட்டுக்காரர் வீடு வந்து சேர்ந்துவிடுகிறார். தொழுது முடித்துக் கை ஏந்தும்போது முதலில் இஸ்மாயில் பெயரைச் சொல்கிறார். பின்னால் உட்கார்ந்து நான் ஆமீன் சொல்கிறேன்.